தாத்தாவின் மோரிஸ் மைனருக்குப் பள்ளி வேனின் எஞ்சின்

பள்ளி முடிந்து மோட்டாரை எடுக்கப் போன என்னை, நான்காம் படிவ மாணவன் ஒருவன் சைக்கிள் கொட்டகை ஓரம் நிறுத்தினான். பாடத்தில் ஏதோ சந்தேகம் என்று நினைத்தேன். “சார், மோரிஸ் மைனர் காடியில எஸ்ஆர்20 எஞ்சின் ஏறுமா?” என்று கேட்டான்.

பீடோங் பக்கம் அவர்கள் வீடு. தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் ஓட்டிய மோரிஸ் மைனர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பல வருடங்களாகக் கிடக்கிறது. எஞ்சின் இறுகிப் போய்விட்டது. கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் அண்ணன், அதைத் தூசு தட்டி ‘ஸ்திரீட் ராட்’ ஆக்கப் போகிறாராம். பழைய காரின் உடலை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சின், கியர்பெட்டி, சக்கரம் ஆகியவற்றைத் தன் விருப்பப்படி மாற்றிச் சாலையில் ஓட்டும் காருக்குத்தான் அந்தப் பெயர்.

“ஏறும் தம்பி. ஏறின பிறகு நிக்குமா?” என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

இந்தக் கேள்வி அவன் ஒருவனுடையது அல்ல. சுங்கை பட்டாணியிலும் லூனாஸிலும் பாடாங் செராயிலும் வார இறுதியில் பட்டறை வாசலில் நிற்கும் பையன்கள் எல்லாரிடமும் இதுதான் இருக்கிறது: எதில் எது ஏறும்? அதனால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மோரிஸுக்கு நான் கைகாட்டும் எஞ்சின், உங்களில் சிலரையும் உங்கள் அண்ணன் அக்காக்களையும் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற பழைய நிசான் வேனின் எஞ்சின். இதைச் சொன்னதும் அந்தப் பையனின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்திரீட் ராட் அமெரிக்காவில் பிறந்த பழக்கம். 1932-ல் ஃபோர்டு நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் வி8 எஞ்சின் போட்ட காரை விற்றது. 65 குதிரைத்திறன். அன்றைக்கு அது பெரிய விஷயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் அந்தப் பழைய கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எஞ்சினைத் தட்டிக் கொட்டி வேகமாக்கினார்கள். 1955-ல் செவ்ரலே நிறுவனத்தின் சிறிய வி8 வந்தது. கையடக்கமானது, வலுவானது, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். அப்புறம் என்ன, ஃபோர்டு உடலாக இருந்தாலும் உள்ளே செவ்ரலே எஞ்சின்தான் என்றாகிவிட்டது. தன் விருப்பப்படி கட்டும் கார் என்று பெயர். ஆனால் மூடியைத் திறந்தால் எல்லாரிடமும் ஒரே எஞ்சின்.

நம் ஊரிலும் அதே கதைதான். ஜப்பானில் ஓடி முடிந்த காரின் முன்பாதியை வெட்டி இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். ‘ஹாஃப்கட்’ என்று சொன்னால் உங்களுக்கே தெரியும். கஞ்சிலுக்கு இன்ன டர்போ, சாகாவுக்கு இன்ன எஞ்சின் என்று ஏறக்குறைய ஒரு வாய்ப்பாடே இருக்கிறது. பின்சக்கரம் இழுக்கும் காருக்கு எஸ்ஆர்20டிஇடி என்பது அந்த வாய்ப்பாட்டில் ஒரு வரி. நிசான் சில்வியா எஸ்13 காரில் இருந்தது. 2 லிட்டர், டர்போ, 205 குதிரைத்திறன். அண்ணன் புதுமையாக எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாரும் போடுவதைத்தான் போடப் பார்க்கிறார்.

இப்போது அந்த மோரிஸைப் பார்ப்போம். இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் போர்க்காலத்திலேயே இதை வரையத் தொடங்கினார். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவர்தான். மோரிஸுக்கு அவர் மனத்தில் வைத்திருந்தது படுக்கைவாட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின். அகலமான, தட்டையான எஞ்சின். அதற்காக முன்பக்கத்தை அகலமாக வரைந்தார். செலவு கட்டுப்படியாகவில்லை, அந்த எஞ்சின் கைவிடப்பட்டது. 1948-ல் கார் வெளிவந்தபோது உள்ளே இருந்தது மோரிஸ் எய்ட் என்ற பழைய காரின் 918 சிசி எஞ்சின். 27 குதிரைத்திறன்தான். ஆக, மோரிஸ் மைனர் பிறக்கும்போதே வேறு காரின் எஞ்சினோடு பிறந்த கார்! அது போதாதென்று, தயாரிப்புக்கு முன் இசிகோனிஸ் மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் சேர்த்து அகலப்படுத்தினார். எஞ்சின் மூடியின் நடுவில் ஒரு பட்டை மேடாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த அறுவையின் தழும்பு.

இதனால்தான் இன்றைக்கும் மோரிஸின் மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கையை விட்டுத் துழாவ இடம் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் “எது வேணும்னாலும் ஏறும்” என்று சொல்வது பொய் அல்ல. இடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இடம் மட்டும்தான் இருக்கிறது.

தாத்தாவின் கார் 1962-க்குப் பிறகு வந்த 1098 சிசி வகை. 48 குதிரைத்திறன். முறுக்குவிசை 81 நியூட்டன் மீட்டர் அளவில். (உங்கள் பாடநூலில் ‘டோர்க்’ என்று இருக்கும். தமிழில் முறுக்குவிசை. நட்டைத் திருகும்போது கை உணரும் விசை.) எஸ்ஆர்20டிஇடி தருவது 275 நியூட்டன் மீட்டர். மூன்று மடங்குக்கும் மேல். எஞ்சினிலிருந்து வரும் முறுக்கை முதல் கியரும் பின் அச்சின் பற்சக்கரமும் சேர்ந்து 14, 15 மடங்கு பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. சக்கரத்தைச் சுழற்றும் இரண்டு மெல்லிய தண்டுகள் 48 குதிரையை நினைத்துச் செய்யப்பட்டவை. சாலை விளக்கு பச்சை ஆனதும் கிளட்சைப் பட்டென்று விட்டால் அந்தத் தண்டு கரும்பு மாதிரி முறியும்.

தண்டு முறிந்தால் கார் நின்றுவிடும், ஆபத்து குறைவு. எனக்குப் பயம் பிரேக்கின் மேல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் எடை ஏறக்குறைய 770 கிலோ. இரண்டு பேர் ஏறினால் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். இயக்க ஆற்றல் ½mv². விடை 125,000 ஜூல். இப்போது வேகத்தை 120 ஆக்குங்கள். ஆற்றல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 500,000 ஜூல். நிறுத்தும்போது இந்த ஆற்றல் எங்கே போகும்? பிரேக்கில் வெப்பமாக மாறும்.

மோரிஸில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் 8 அங்குலம், பின்னால் 7 அங்குலம். நான்கு டிரம்மும் சேர்ந்து 16 கிலோ இரும்பு என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 450 ஜூல். 60-லிருந்து ஒருமுறை நின்றால் இரும்பு சராசரியாக 17 பாகை சூடேறும். 120-லிருந்து நின்றால் 70 பாகை. இது ஒரே ஒருமுறை நின்றதற்கு. உராயும் பரப்பில் வெப்பம் இதைவிட மிக அதிகம். டிரம் மூடிய பாத்திரம் மாதிரி. உள்ளே பிறந்த சூடு சீக்கிரம் வெளியே போகாது. சூடு ஏற ஏற உராய்வு குறையும். மிதியை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், கார் போய்க்கொண்டே இருக்கும்.

நம் குனுங் ஜெராயை எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 மீட்டருக்கு மேல் உயரம். மேலே வரை வளைந்து வளைந்து போகும் சாலை. அண்ணனும் நண்பரும் காரை ஏற்றிவிட்டு 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறார்கள் என்று வைப்போம். mgh போட்டால் 88 லட்சம் ஜூல் வரும். மேலே சொன்ன 120 கிலோமீட்டர் வேகத்தை 17 முறை நிறுத்துவதற்குச் சமம். இது எந்த எஞ்சின் போட்டாலும் மாறாத எண். சின்ன கியரில் எஞ்சினையே பிடித்து இழுக்கவிட்டு மெல்ல இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். ஆனால் 205 குதிரை வைத்திருப்பவர் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அழுத்தி, வளைவில் பிரேக் பிடித்து, மறுபடி அழுத்துவார். அந்த எஞ்சின் கையில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். சாமியாராக நடிக்க விரும்பவில்லை.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த ஞானம் அல்ல. 18 வயதில் என் காப்சாய் மோட்டாருக்குப் பெரிய பிஸ்டன் போட்டேன். ஓவர்டைம் காசு முழுக்க அதில் போனது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். அதைத் தொடக்கூட இல்லை. தோட்டத்து மண்சாலை இறக்கத்தில் வந்தவன் முச்சந்தியில் நிற்க முடியாமல் நேராகப் பெரிய கால்வாயில் போய் விழுந்தேன். தோளெலும்பு முறிந்தது. எதிரே பழ லாரி வராதது என் அம்மா கும்பிட்ட சாமி புண்ணியம். மோட்டாரில் எந்தக் கோளாறும் இல்லை, தவறு முழுக்க என்னுடையது. மழைக்காலத்தில் அந்தத் தோள் இன்னும் வலிக்கும். கரும்பலகையில் ½mv² எழுதும்போதும் சில நேரம் வலிக்கும்.

“அப்படின்னா வேற எதாச்சும் வித்தியாசமா போடலாமா சார்?” என்று பையன் மறுநாள் ஒரு பட்டியலோடு வந்தான். நல்ல பையன். பட்டியலும் நன்றாகத்தான் இருந்தது.

சுசுகி ஹயபூசா மோட்டார் எஞ்சின் அதில் முதல். 1999-ல் வந்தபோது 1,299 சிசி, 170-க்கும் மேல் குதிரைத்திறன். எடை குறைவு. பிரிட்டனில் சின்னக் கார்களில் இதைப் போடுகிறார்கள். ஆனால் மோட்டாருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. அதன் வலு உயர்ந்த சுழற்சியில்தான் வெளிப்படும். தன் சொந்த எடையையும் ஓட்டுநரையும் மட்டும் இழுக்கச் செய்த கிளட்ச், 900 கிலோவை ஒவ்வொரு சாலை விளக்கிலும் அசைக்க வேண்டியிருந்தால் சீக்கிரம் தேயும். கஞ்சில் எஞ்சின்? குறுக்காக வைத்து முன்சக்கரத்தை இழுக்கச் செய்தது. மோரிஸில் எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தை இழுக்கும். பொருந்தாது.

மூன்றாவதாக எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வயல் உழும் கைட்ராக்டரின் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். கெடா பையன் அல்லவா! சிரித்தேனே தவிர, அதைக் கிறுக்குத்தனம் என்று தள்ளவில்லை. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்திருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், புல்லட் மோட்டாரில் 325 சிசி டீசல் எஞ்சினைப் போட்டு ‘டாரஸ்’ என்ற பெயரில் விற்றது. 6.5 குதிரைத்திறன். மணிக்கு 65 கிலோமீட்டர் போனால் பெரிய காரியம். உடம்பெல்லாம் ஆடும், கரும்புகை கக்கும். ஆனாலும் கிராமத்தில் பால்காரரும் வியாபாரியும் வாங்கினார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் போகிறவருக்கு வேகம் எதற்கு? எண்ணெய்ச் செலவு குறைந்தால் போதும். தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எஞ்சின் அது. மோரிஸுக்கு 10 குதிரை போதாது என்பதால்தான் கைட்ராக்டரை வேண்டாம் என்றேன்.

கடைசியாக மின்மோட்டார். இதில் நான் கொஞ்சம் தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2010-ல் வந்த நிசான் லீஃப் காரின் மோட்டார் 80 கிலோவாட், 280 நியூட்டன் மீட்டர். எஸ்ஆர்20-இன் முறுக்குவிசையேதான்! அதுவும் எஞ்சின் போலச் சுழற்சி ஏறும்வரை காத்திருக்காமல், நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கையும் தரும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி அந்த முறுக்கைத் தேவையான அளவுக்குக் குறைத்து வைக்கலாம் என்பது ஒரு நன்மை. ஜெராயில் இறங்கும்போது அந்த 88 லட்சம் ஜூலில் ஒரு பங்கைத் திருப்பி மின்கலத்துக்கே அனுப்பலாம். பிரேக்கில் வீணாகும் சூட்டை மறுபடி பயணமாக மாற்றுவது என்றால் எந்த அறிவியல் ஆசிரியருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்தக் காரின் 24 கிலோவாட் மணி மின்கலப் பெட்டி ஏறக்குறைய 290 கிலோ. 770 கிலோ காரில் அதை எங்கே வைப்பது? பின்னால் வைத்தால் வால் கனக்கும், முன்னால் வைத்தால் திருப்பம் கனக்கும். அதோடு அது 360 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம். தகரக் கொட்டகையில் செருப்புக் காலோடு வேலை செய்யும் இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. அதற்கென்று முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர் கூட இருந்தால் நானே மோட்டாரைத்தான் சொல்வேன்.

சரி, வேனுக்கு வருவோம். நிசான் வேனெட் சி22. மீன் சந்தையிலும் காய்கறிக் கடையிலும் பள்ளி வாசலிலும் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துப் போன வேன். முன் இருக்கைக்கு அடியில் ஏ15 என்ற எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது; பின்சக்கரத்தை இழுக்கிறது. மோரிஸின் அமைப்பும் அதுவே. சிலிண்டர் விட்டம் 76 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 82. நான்கு சிலிண்டருக்குக் கொள்ளளவு என்ன என்று நீங்களே πr²h போட்டுப் பாருங்கள். 1,488 கன சென்டிமீட்டர் வரும். சுமார் 70 குதிரைத்திறன்.

இந்த ஏ வகை எஞ்சின் 1966-ல் நிசான் சன்னியோடு அறிமுகமானது. உங்கள் தாத்தாமார் ‘டட்சன் 120ஒய்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் இருந்தது இதே குடும்பத்தின் ஏ12. இன்னொரு சுவையான செய்தி: நிசான் 1952-ல் பிரிட்டனின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, ஆஸ்டின் கார்களை ஜப்பானில் தயாரித்துத் தொழில் பழகியது. அதே 1952-ல் மோரிஸ் மைனருக்குள் வந்த புதிய எஞ்சினும் ஆஸ்டின் வடிவமைத்ததுதான். பக்கவாட்டில் கேம் தண்டு, நீளமான தள்ளுகோல்கள், மேலே வால்வுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூரத்து உறவுக்காரர்கள் போல இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், மோரிஸின் எஞ்சினில் சுழல்தண்டை மூன்று தாங்கிகள் பிடித்திருக்கின்றன, நிசானில் ஐந்து. தண்டு வளைந்து அதிர்வது குறையும், ஆயுள் கூடும். மோரிஸின் சிலிண்டர் தலை வார்ப்பிரும்பு, நிசானுடையது அலுமினியம். எனவே கூடுதல் வலு கிடைத்தும் காரின் மூக்கில் பாரம் ஏறாது. இலங்கையில் மோரிஸ் மைனர் இன்றும் நிறைய ஓடுகிறது. அங்கே பட்டறைக்காரர்கள் நிசானின் இந்த ஏ வகை எஞ்சினைப் போட்டுத்தான் பல கார்களை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

கார்புரேட்டர் உண்டு, கணினி கிடையாது. ஒரு நல்ல ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் 16 வயதுப் பையன் ஒருவன் அதை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று தெரிந்துகொண்டு, திரும்பப் பூட்டலாம். என் கணக்கில் இதற்குப் பெரிய மதிப்பெண். எஸ்ஆர்20-ஐ வாங்கினால் பட்டறைக்காரர் பூட்டித் தருவார். பையன் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பான்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் வாகனப் பதிவில் இருக்கின்றன. மாற்ற வேண்டுமானால் ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும். சாலை வரியும் கொள்ளளவைப் பொறுத்தது. சொல்லாமல் மாற்றி ஓட்டி விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அண்ணன் ஒருநாள் என்னைப் பார்க்கவே வந்துவிட்டார். மரியாதையான பிள்ளை. ஆனால் மனம் இறங்கவில்லை. “சார், காடி ஷோவுல மூடியத் திறந்தா எல்லாரும் சுத்தி நிப்பாங்க. நான் பள்ளிக்கூட வேன் எஞ்சினக் காட்டினா சிரிப்பாங்க சார்.”

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாதக் கணக்கில் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டும் காரை நாலு பேர் பாராட்ட வேண்டும் என்று நினைப்பது தவறா? “தம்பி, அந்த வரிசையில எத்தன எஸ்ஆர்20 நிக்கும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். யோசித்தார். “ஏழெட்டு இருக்கும் சார்.” “வேன் எஞ்சின்?” பதில் சொல்லாமல் தம்பியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கே முடிவு எடுக்கவில்லை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வாங்கும்வரை எந்த எஞ்சினுக்கும் முன்பணம் கொடுப்பதில்லை என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். எனக்கு அது போதும். பிறகு நான் ஒரு வேலை கொடுத்தேன். இறுகிய எஞ்சினை இன்னும் கழற்ற வேண்டாம். அது இருக்கும்போதே காரை நிறுக்க வேண்டும். செம்பனைப் பழ லாரிகளை நிறுக்கும் எடைமேடை பக்கத்தில் இருக்கிறது. முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு முழுக் காரும். முன் எடையை மொத்த எடையால் வகுத்து, இரண்டு அச்சுகளுக்கு இடையிலான 2,184 மில்லிமீட்டரால் பெருக்கினால், பின் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் காரின் ஈர்ப்பு மையம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். புது எஞ்சின் ஏறிய பிறகும் அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எடைமேடைக்காரரிடம் பேசியாயிற்று. வரும் வெள்ளிக்கிழமை காலை, பழ லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார். காரை ஏற்றிப் போக அண்ணன் லாரிக்குச் சொல்லிவிட்டார். பையன் நோட்டுப் புத்தகத்தில் இப்போதே கட்டம் போட்டு வைத்திருக்கிறான்.